டர்பன் தமிழ் வீட்டில் பத்து மாதம்: மாணவப் பரிமாற்றத்தில் போகும் பிள்ளைக்கு

கேள்வி: மகளுக்கு 16 வயது, மதுரையில் படிக்கிறாள். மாணவப் பரிமாற்றத் திட்டத்தில் ஜனவரியில் தென்னாப்பிரிக்கா போகிறாள். டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு பத்து மாதம் தங்கி அங்குள்ள பள்ளிக்குப் போவாள். தமிழ் வீடு என்பதால் நிம்மதியாக இருக்கிறோம். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? மூக்குத்தியோடு பள்ளிக்குப் போகலாமா? என்ன கொடுத்து அனுப்பலாம்?

பதில்:

நிம்மதியாக இருங்கள். ஆனால் "தமிழ் வீடு" என்ற ஒரே காரணத்தை நம்பி இருக்காதீர்கள். ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போகிற பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் செய்யும். டர்பன் வீட்டில் வாசலில் மாவிலைத் தோரணம் இருக்கும், சாமி அலமாரியில் முருகன் இருப்பார், அடுப்பில் கறி கொதிக்கும். நம் வீடுதானே என்று பிள்ளை எதையும் கேட்காமல் இருந்துவிடும். மனக்கசப்புகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. வெளிநாட்டு வீட்டுக்குப் போகிறோம், அவர்களுக்கும் முருகனைத் தெரியும் என்ற எண்ணத்தோடு போனால் பாதிச் சிக்கல் வராது.

முதலில் மொழி. வீட்டில் ஆங்கிலம்தான். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இனவெறிச் சட்டங்களை எதிர்த்து 1946இல் இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. தூதரக உறவு திரும்பியது 1993இல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஊரோடு போக்குவரத்து அறுந்து கிடந்தது, பள்ளியும் வேலையும் ஆங்கிலத்தில் நடந்தன. பேச்சுத் தமிழ் தேய்ந்து கோயிலிலும் சமையலறையிலும் உறவுமுறையிலும் ஒதுங்கியது. தாத்தா, ஆயா, அக்கா, அண்ணா எல்லாம் காதில் விழும். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் பூச்சியை இன்னும் ஈசல் என்றே சொல்வார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 1996இல் எழுதிய அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

அதனால் "தமிழராக இருந்துகொண்டு தமிழ் தெரியாதா?" என்று உங்கள் மகள் எந்தக் காரணத்துக்கும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி அவர்களை எவ்வளவு காயப்படுத்தும் என்று நம் பக்கத்தில் பலருக்குத் தெரிவதில்லை. கோவெண்டர் என்பது கவுண்டர், மூட்லி என்பது முதலி என்று பெயரைத் திருத்திக் காட்டுவதும் வேண்டாம். அந்தப் பெயர்களை வைத்து சாதி விசாரிப்பது அதைவிட மோசம். அங்கே அது கேட்கிற கேள்வியே இல்லை. இன்னொன்று: டர்பனில் "டமில்" என்றால் மொழியை மட்டும் சொல்லவில்லை. வழிபாட்டு முறை, கல்யாணச் சடங்கு, கருமாதி எல்லாம் சேர்ந்த அடையாளம் அது. "நீ டமிலா, ஹிந்தியா?" என்று கேட்டால் எந்தச் சடங்கு வழி என்று கேட்கிறார்கள். பிள்ளை என்றோ நாயுடு என்றோ பெயர் இருந்தும் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கிற குடும்பங்களும் நிறைய உண்டு. தீபாவளி கொண்டாடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாமல், போவதற்கு முன்பே ஒரு வீடியோ அழைப்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்ததைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். நம் வீட்டில் அம்மா சோறு போட்டால் நன்றி சொல்ல மாட்டோம். சொன்னால் அந்நியமாகத் தெரியும். டர்பன் வீட்டில் தட்டு வைத்தவுடன் "தேங்க் யூ ஆன்ட்டி", உப்பு வேண்டுமென்றால் "ப்ளீஸ்". அந்த வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் அம்மாவிடம் அப்படித்தான் பேசுவார்கள். பத்து நாள் சொல்லாமல் இருந்தால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பார்கள், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். சாப்பாட்டில் இதற்கு நேர்மாறான சிக்கல். "இன்னும் கொஞ்சம்?" என்றால் நாம் பழக்கத்தில் "வேண்டாம், போதும்" என்போம், மூன்றாம் தரம் வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வோம். அங்கே முதல் "நோ"விலேயே பாத்திரம் மூடப்படும். பசித்தால் "யெஸ் ப்ளீஸ்" சொல்ல வேண்டும். உபசாரத்துக்கு வேண்டாம் என்று சொல்லி முதல் வாரம் முழுக்க அரைவயிற்றோடு தூங்குகிற பிள்ளைகள் உண்டு.

விசா, ஆவண வேலைக்கு வருகிறேன். 90 நாளுக்கு மேல் தங்கிப் பள்ளியில் படிக்க, சுற்றுலா விசா செல்லாது. படிப்பு விசா வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட பள்ளியின் பெயரில் தரப்படும். நடுவில் வீடு மாறினாலும் பள்ளி மாறாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளி மாறினால் விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்க நேரும். ரோட்டரி வழியாகப் போனால் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு மாறுவது வழக்கம் என்பதால் இதை முன்கூட்டியே பேசுங்கள். பள்ளியின் சேர்க்கைக் கடிதம், பெற்றோர் இருவரின் ஒப்புதல், அங்கே பொறுப்பேற்பவரின் உறுதிமொழி, மருத்துவச் சான்று, மார்பு எக்ஸ்ரே அறிக்கை, தென்னாப்பிரிக்காவில் பதிவான மருத்துவத் திட்டத்தில் காப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். இங்கே எடுத்த பயணக் காப்பீட்டை மட்டும் காட்டுவதால்தான் பல விண்ணப்பங்கள் மாட்டுகின்றன. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பாவது கொடுத்துவிடுங்கள்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளை தனியாகப் பறந்தால் விமான நிலையத்திலேயே சில தாள்களைக் காட்ட வேண்டும்: பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், பெற்றோர் பாஸ்போர்ட் நகல், டர்பனில் அழைத்துக்கொள்பவர் முகவரி, தொலைபேசி எண்ணோடு எழுதிய கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல். கைப்பையில் ஒரு கட்டு, பெட்டியில் ஒரு கட்டு. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். துபாய் வழி என்றால் அந்தத் தொல்லை இல்லை.

படிப்பு. அங்கே பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு பருவம். நம் ஆண்டோடு எந்த வழியிலும் பொருந்தாது. நவம்பரில் திரும்பினால் பிளஸ் ஒன்னை அடுத்த ஜூனில்தான் முதலிலிருந்து தொடங்க முடியும். ஒரு கல்வியாண்டு போகும் என்று கணக்கில் எழுதிவிடுங்கள். அங்கே வாங்கும் மதிப்பெண்ணை இங்கே ஈடு செய்யலாம் என்ற நம்பிக்கையில் போகிற பிள்ளை ஆண்டு முழுக்கப் பதற்றத்திலேயே இருக்கும். புறப்படுமுன் தலைமை ஆசிரியரிடம், திரும்பியதும் சேர்த்துக்கொள்வதாக எழுத்தில் வாங்கி வையுங்கள். அங்கே 10 அல்லது 11ஆம் கிரேடில் சேர்ப்பதே சரி. 12 வேண்டாம், அது மெட்ரிக், எல்லோரும் பொதுத்தேர்வு நெருக்கடியில் இருப்பார்கள், பழகுவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது.

ஏழு பாடம்: இரண்டு மொழி, கணக்கு அல்லது "மேத்ஸ் லிட்" எனப்படும் எளிய கணக்கு, லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம், விருப்பப் பாடம் மூன்று. நம் பிள்ளைகளுக்குக் கணக்கு சுலபமாக இருக்கும். திணறுவது ஆங்கிலப் பாடத்திலும் வகுப்புமுன் நின்று பேசுகிற வாய்மொழித் தேர்விலும்தான். காலை எட்டு மணிக்கு முன்பே மணி அடித்துவிடும், மதியம் இரண்டு, இரண்டரைக்கு விட்டுவிடும். அதன் பிறகுதான் நெட்பால், ஹாக்கி, நீச்சல், விவாத மன்றம். உங்கள் மகள் அதில் ஏதாவது ஒன்றில் கட்டாயம் சேரட்டும். வகுப்பில் ஏற்கெனவே ஏழெட்டு ஆண்டு நட்பு வட்டங்கள் இறுகியிருக்கும். புதுப்பிள்ளைக்கு இடம் கிடைப்பது மைதானத்தில்தான். திறமை வேண்டியதில்லை. நெட்பால் இரண்டாம் அணிக்கு எப்போதும் ஆள் குறையும்.

சீருடை கண்டிப்பு: பிளேசர், டை, கறுப்புத் தோல் ஷூ, தலைமுடி கட்டும் பட்டையின் நிறம் வரைக்கும் விதி உண்டு. எல்லாம் அங்கேயே பள்ளி சொல்லும் கடையில் வாங்க வேண்டும், இங்கே தைக்க வேண்டாம். பழைய சீருடையைக் குறைந்த விலைக்கு விற்கும் ஏற்பாடு பல பள்ளிகளில் உண்டு. பத்து மாதத்துக்கு அதுவே போதும். "சிவ்வீஸ் டே" என்று அறிவித்தால் அன்று சாதாரண உடை, கையில் சில ரேண்ட் நன்கொடை. அது தெரியாமல் சீருடையில் போய் நிற்கும் சங்கடம் முதல் மாதத்திலேயே வரும்.

மூக்குத்தி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் முறையாகக் கேட்டுவிட்டு. டர்பனில் ஒரு தமிழ் மாணவி மூக்குத்தி அணிந்ததற்குப் பள்ளி தடை சொன்ன வழக்கு நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில் தீர்ப்பு மாணவிக்குச் சாதகமாக வந்தது: தென்னிந்தியத் தமிழ் இந்து மரபின் பகுதியாக அவள் அதை அணிகிறாள், பள்ளி இடம் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மாணவியின் குடும்பப் பெயரால் "பிள்ளை வழக்கு" என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. வகுப்பு தொடங்கும் முன்பே, மரபுக் காரணம் சொல்லி நீங்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதி, தங்கும் வீட்டார் கையால் பள்ளியில் கொடுக்கட்டும். சின்னக் கல் மூக்குத்தியாக இருக்கட்டும். கையில் கட்டிய கோயில் கயிறுக்கும் அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முதல் நாள் வாசலில் வைத்துக் கழற்றச் சொல்லி அழவைப்பதைவிட இது நல்லது.

இரண்டாம் மொழியாக ஸூலு அல்லது ஆஃப்ரிகான்ஸ் வரும். ஸூலு எடுக்கட்டும், டர்பன் இருக்கும் மாகாணத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி அதுதான். நாக்கைச் சொடுக்கும் ஒலிகளைப் பார்த்து மற்ற நாட்டுப் பிள்ளைகள் மிரள்வார்கள். நமக்கு மூன்றில் இரண்டு ஏற்கெனவே வரும். ஐயோ பாவம் என்பதற்கு "த்ச்சு" கொட்டுகிறோமே, அது ஒன்று. மாட்டை ஓட்டும்போது நாக்கின் ஓரத்தால் எழுப்பும் ஒலி இன்னொன்று. மூன்றாவது, புட்டி மூடி கழன்றதுபோல் மேலண்ணத்தில் எழும்பும் "டொக்". முதல் நாளே தெரிய வேண்டியது வணக்கம்: ஒருவருக்கு "சாவுபோனா", பலருக்கு "சானிபோனானி", பதிலுக்கு "யெபோ". நன்றிக்கு "ங்கியாபோங்கா". கடைக்காரரோ காவலாளியோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ, வணக்கம் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போவது அங்கே அவமதிப்பு. கொடுப்பதை வாங்கும்போது வலக்கையை இடக்கையால் தாங்கி வாங்குவது அவர்கள் மரியாதை. நம் பிள்ளைகளுக்கு இது தானாகவே வரும்.

இதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டம் ஊரை நிறம் நிறமாகப் பிரித்தது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் எல்லாம் அப்படி இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டிய பகுதிகள். அந்தக் காயம் ஆறவில்லை. நிறத்தைப் பற்றி நம் ஊரில் சகஜமாகச் சொல்கிற "கறுப்பு", "வெளுப்பு" பேச்சு எதையும் உங்கள் மகள் அங்கே எடுக்கக் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. யாராவது பெரியவர் அவள் முன்னால் அப்படிப் பேசினாலும் அதைத் திருப்பிச் சொல்லாமல் இருக்கட்டும். கூலி என்ற சொல் அங்கே வசைச்சொல். "கூலி வேலை" என்று சாதாரணமாகச் சொன்னால்கூட முகம் மாறும்.

பாதுகாப்பு. பயமுறுத்தாமல், நடப்பதைச் சொல்கிறேன். வீட்டுக்குச் சுற்றுச்சுவர், ரிமோட்டில் நகரும் கேட், ஜன்னலுக்குக் கம்பி, அலாரம், உள்ளே படுக்கையறைப் பக்கம் பூட்டும் இன்னொரு கம்பிக்கதவு. காரில் வீடு திரும்பும்போது ஓட்டுபவர் கேட்டுக்குச் சற்று முன்பே கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். பின்தொடரும் வண்டி இருந்தால் நிற்காமல் தெருவைச் சுற்றி வருவார். கேட் திறந்ததும் உள்ளே போய், அது முழுக்க மூடும் வரை யாரும் கார்க் கதவைத் திறப்பதில்லை. அந்த அரை நிமிடம் உங்கள் மகள் ஃபோனைப் பார்க்காமல் வெளியே கவனிக்கப் பழகட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் அலாரப் பெட்டி பீப் அடிக்கும். சில நொடிக்குள் எண்ணை அழுத்த வேண்டும். தவறினால் பாதுகாப்பு நிறுவனம் ஃபோனில் கூப்பிட்டு ரகசியச் சொல் கேட்கும். சொல்லத் தெரியாவிட்டால் துப்பாக்கியோடு ஆள் வந்துவிடுவார். அந்தச் சொல்லை முதல் நாளே கேட்டு மனப்பாடம் செய்யட்டும், ஃபோனில் எழுதி வைக்க வேண்டாம். இரவில் தோட்டத்தில் சென்சார் ஓடும்; காய்ந்த துணி எடுக்கக்கூட யாரிடமும் சொல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது.

தனியாக நடந்து பள்ளிக்குப் போவது பெரும்பாலும் நடக்காது. "லிஃப்ட் கிளப்" என்று நாலைந்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே வண்டியில் போவார்கள். மினிபஸ் டாக்ஸியில் வீட்டார் அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. மதுரையில் தனியாக டவுன் பஸ் ஏறிப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடு மூச்சுமுட்டும். முதல் இரண்டு மாதம் அதிகம் வருகிற புகார் இதுதான். இது அவளை நம்பாததால் வந்த விதி இல்லை, அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அதே விதிதான் என்று நீங்களே எடுத்துச் சொல்லி அனுப்புங்கள். தெருவில் ஃபோனை வெளியே எடுக்க வேண்டாம். ஏடிஎம்மில் யார் உதவ வந்தாலும் கார்டைக் கொடுக்க வேண்டாம். போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்ஃபோனிலிருந்து 112, குழந்தைகள் உதவிக்கு 116. டர்பனில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது; அதன் எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

வீட்டார் மீதே பிள்ளைக்குச் சங்கடம் ஏற்பட்டால் யாரிடம் சொல்வது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்திலும் குடும்பத்துக்கு வெளியே ஓர் உள்ளூர் ஆலோசகர் இருப்பார். அவர் எண் மகளிடமும் உங்களிடமும் இருக்கட்டும், முதல் வாரத்திலேயே ஒருமுறை பேசிப் பழகட்டும். பழகாத ஒருவரிடம் நெருக்கடியில் போய்ப் பேச 16 வயதுப் பிள்ளைக்கு வாய் வராது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். காலையில் சீரியல் அல்லது டோஸ்ட். மதியம் பள்ளிக்கு சான்ட்விச், அதை அவளே முந்தின இரவு கட்டி வைக்க வேண்டியிருக்கும். சமைத்த உணவு இரவு ஒருவேளைதான், அதுவும் ஆறரை ஏழுக்குள். ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிற நம் வழக்கம் அங்கே இல்லை. டர்பன் கறி சிவப்பாக, எண்ணெய் மிதக்க, பெரிய உருளைக்கிழங்கோடு இருக்கும். காரம் நம்மைவிடக் கூடுதல். தேங்காய் குறைவு, புளி குறைவு, சாம்பார் என்று நாம் நினைப்பது அபூர்வம். பருப்பு "டால்", கீரை "ஹெர்ப்ஸ்", பிரியாணி "பிரேயாணி". அதில் மைசூர்ப் பருப்பு போட்டிருப்பார்கள். இது பிரியாணியே இல்லை என்று சொல்லாமல் சாப்பிட்டுப் பார்க்கட்டும். கறிவேப்பிலை மரம் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கும்.

பன்னி சௌ கட்டாயம் வரும். முழு ரொட்டியைக் கால் பாகமாக வெட்டி, நடுவைக் குடைந்து, கறியை ஊற்றி, குடைந்தெடுத்த துண்டை மேலே வைத்துத் தருவார்கள். கடையில் "குவார்ட்டர் பீன்ஸ்" என்று கேட்டால் ராஜ்மா போன்ற சுகர் பீன்ஸ் கறியோடு வரும், சைவம். கையால்தான் சாப்பிட வேண்டும், வேகமாகவும் சாப்பிட வேண்டும். முதலில் மேல்துண்டைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டு, பிறகு விளிம்பிலிருந்து சுவரைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். அவசரப்பட்டு அடிப்பக்கச் சுவரைப் பிய்த்தால் குழம்பு முழுக்க மடியில். கூட வரும் துருவிய கேரட், வெங்காயம், பச்சைமிளகாய், வினிகர் கலவை "சாம்பல்ஸ்". நம் சாம்பலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை!

மகள் சைவம் என்றால் முட்டை, மீன், ஜெலட்டின் சேர்த்த மிட்டாய் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பல வீடுகளில் செவ்வாய், வெள்ளி அசைவம் இல்லை, புரட்டாசி மாதம் முழுக்க இல்லை. அதை "ஃபாஸ்டிங்" என்பார்கள், பட்டினி என்று நினைத்துவிடக் கூடாது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது "பாரிட்ஜ் பிரேயர்". ஜனவரியில் போய் இறங்குவதால் தைப்பூசக் காவடி உடனே வரும். கோயிலுக்குப் போகட்டும், பால்குடம் எடுக்கச் சொன்னால் எடுக்கட்டும். அதற்கான விரத நாட்களை வீட்டார் சொல்வார்கள். அலகு குத்துவது உங்களிடம் கேட்காமல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு நாளில் விளக்கு, கோயில் பற்றிய விதி வீட்டுக்கு வீடு மாறும். முதல் வாரமே ஆன்ட்டியிடம் தனியாகக் கேட்டுவிட்டால் பிறகு தர்மசங்கடம் இல்லை.

கீசர் பெரும்பாலும் 150 லிட்டர், வீடு முழுவதற்கும் ஒன்றே. காலையில் இவள் இருபது நிமிடம் ஷவரில் நின்றால் கடைசியாகக் குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர். ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், தலைக்குக் குளிப்பது மாலையில். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு வடக்குப் பகுதிகளில் அடிக்கடித் தண்ணீர் நிற்கிறது. அப்போது வாளியும் சொம்பும் தெரிந்த நம் பிள்ளைதான் வீட்டிலேயே திறமைசாலி. ஜூன் ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவு 11, 12 டிகிரிக்கு இறங்கும். வீட்டில் சூடேற்றும் வசதி இருக்காது, ஒரு கம்பளிச் சட்டை போதும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. சனிக்கிழமை எல்லோரும் போவார்கள். உயிர்காப்பாளர் நட்ட இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்க வேண்டும், நீச்சல் தெரியாவிட்டால் முழங்காலுக்கு மேல் வேண்டாம். அந்த அலை ராமேஸ்வரத்து அலை இல்லை, உள்ளே இழுக்கும். டர்பனில் மலேரியா கிடையாது. பள்ளிச் சுற்றுலா க்ரூகர் காட்டுக்கோ மொசாம்பிக் எல்லைப் பக்கமோ போனால் மட்டும் டாக்டரைக் கேட்டு மாத்திரை.

ஃபோன். சிம் வாங்கப் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், வீட்டார் கூடப் போக வேண்டும். நேர வித்தியாசம் மூன்றரை மணி. அங்கே மாலை ஆறு என்றால் மதுரையில் ஒன்பதரை. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி என்று முதல் மாதமே வரையறுத்துவிடுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை மனம் சோர்ந்து போகும். புதுமை தீர்ந்து நட்பு இன்னும் அமையாத காலம் அது. அப்போது தினமும் இரண்டு மணி நேரம் உங்களோடு பேசினால் கதவைச் சாத்திக்கொண்டு ஊரிலேயே இருப்பாள். அந்த வீட்டில் சாத்திய கதவுக்குக் கோபம் என்று அர்த்தம் எடுப்பார்கள். அழைத்து அழுதால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களாக ஆன்ட்டிக்கு ஃபோன் போட்டு முறையிட வேண்டாம். மறுநாள் அவளே ஹாலில் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தாலும் போதும்.

அங்கே உட்காருவதற்கு நல்ல சாக்கு துனி என்ற சீட்டாட்டம். பெயர் தண்ணி என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நான்கு பேர், இரண்டு ஜோடி, 24 சீட்டு. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, கூட்டினால் 304. நம் பக்கத்தில் 304, 28 ஆடத் தெரிந்தவர்களுக்கு வரிசை அப்படியே கையில் இருக்கும். கல்யாணம், கருமாதி, கடற்கரை எங்கும் ஆடுவார்கள். புறப்படுமுன் தாத்தாவிடம் 28 கற்றுக்கொண்டு போகட்டும். இங்கிலீஷ் தயங்குகிற இடத்தில் சீட்டு பேசும்.

பெட்டி. மின்சாரம் நம் போலவே 230 வோல்ட், ஆனால் சுவரில் பெரிய மூன்று முள் ஓட்டை. நம் வீட்டில் ஏசிக்குப் போடுகிற 16 ஆம்பியர் பிளக்கேதான் அது. எலெக்ட்ரிகல் கடையில் சின்ன பிளக்கைப் பெரிதாக்கும் மாற்றி இரண்டு வாங்கினால் வேலை முடிந்தது. விமான நிலைய அடாப்டருக்குக் காசு கொட்ட வேண்டாம். பருத்தி உடை நாலைந்து, ஒரு நல்ல பாவாடை தாவணி அல்லது சேலை, நீச்சல் உடை, வழக்கமான மருந்துகள் டாக்டர் சீட்டோடு. பொடி, ஊறுகாய் கடையில் வாங்கிய சீல் பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். பச்சை இலை, விதை, தேன், நெய், பால் பொருட்கள் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பரிசுக்குப் பட்டுப் புடவை தேட வேண்டியதில்லை, அவர்களே தி. நகர் வந்து வாங்குகிறவர்கள். நல்ல விபூதி, விளக்குத் திரி, உங்கள் வீட்டாரின் அச்சிட்ட புகைப்படங்கள் போதும். தமிழ் நாள்காட்டி கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள், ஆனால் அதிலுள்ள ராகு காலம் டர்பன் சூரியனுக்குப் பொருந்தாது என்று சொல்லிக் கொடுங்கள்.

புறப்படுவதற்குள் அவளுக்கு மூன்று சமையல் வந்துவிடட்டும்: ரசம், தேங்காய்ச் சட்னி, இட்லி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சமைக்கட்டும். ஜனவரி வெக்கையில் மாவு எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். ஜூலையில் ராத்திரி முழுக்க வைத்தாலும் அசையாது, கீசர் பக்கத்து அலமாரியில் போர்த்தி வைக்க வேண்டும். உளுந்து இந்தியக் கடைகளில் கிடைக்கும், இட்லி அரிசிக்குப் பதில் அங்குள்ள புழுங்கலரிசியே சரிப்படும். இட்லித் தட்டு மட்டும் பெட்டியில் போகட்டும்.